லவோன் ரீமர் மூடாத உரிமம்

எங்கள் ப்ளம் ஃபோர்க் ஊரில் விற்பனை வரி கட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. கட்டாமல் நழுவப் பார்க்கிறவர்களும் உண்டு. கட்ட வேண்டியது ஒரு காசுகூட இல்லாமல், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாநிலத் தலைநகர் லிங்கனில் இருக்கிற வரித் துறைக்கு 'இந்த முறையும் ஒன்றுமில்லை' என்று எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். லவோன் ரீமர். வரி பிடிக்கிற உரிமத்தை மூடிவிட்டால் அந்தத் தொல்லையே இல்லை. அவள் மூடவில்லை. என்றைக்காவது வந்து கையில் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் சொல்லியிருந்தார். அவர் வரும் நாளில் உரிமம் இல்லாமல் நிற்க அவளுக்கு மனமில்லை.

அவளைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவன் எங்கள் மாவட்டமான இந்தக் கவுண்டியில் கிடையாது. என் ஏலக்கூடத்தின் பின்னறையில்தான் அவள் தொழில் நடத்தினாள். அந்த ஏலக்கூடம் நான் வாங்கும்போது கூரை ஒழுகும் வைக்கோல் கொட்டகை. கூரையை நானே மாற்றினேன், தரையை நானே போட்டேன், மேடையையும் நானே அடித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், டெல்மர் ஷெங்க். இந்தச் சுற்று வட்டாரத்தில் என் சுத்தியல் விழாத பண்ணை எது என்று கேட்டால் கல்லறைத் தோட்டத்தைத்தான் காட்ட வேண்டும். டிராக்டரிலிருந்து தையல் ஊசி வரைக்கும் விற்றிருக்கிறேன். வரித் துறை இன்று வரைக்கும் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுத்ததில்லை.

லவோன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் அவள் செய்கிற நாளில், பிள்ளைகளைவிட வாத்தியார்கள் முதலில் வரிசையில் நிற்பார்கள். பிள்ளைகள் குறைந்து, பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்தபோது வேலை போயிற்று. அதற்கு முன்பே கணவன் போயிருந்தான். டெரல் நெடுந்தூர லாரி ஓட்டினவன். அரிசோனாவுக்குப் பாரம் கொண்டு போனான். பாரத்தை இறக்கினான், அங்கேயே ஒருத்தியோடு தானும் இறங்கிக்கொண்டான். அவனுடைய குளிர்காலக் கோட்டு வருஷக்கணக்காக லவோன் வீட்டு வாசல் கொக்கியில் தொங்கியது. என் மனைவி பெர்னீஸ் ஒரு நாள் பொறுக்க முடியாமல், வெயில் கொளுத்துகிற அரிசோனாவில் அவனுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்டாள். அடுத்த வாரம் சர்ச்சின் பழைய சாமான் விற்பனையில் அந்தக் கோட்டு கிடந்தது. லவோன் அழுததை யாரும் பார்க்கவில்லை. அவள் அப்படித்தான். ஒருவர் போய்விட்டார் என்று நம்புவதற்கு அவளுக்கு மற்றவர்களைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

தொழில் தொடங்கியது என் மேடையில்தான். க்ளைன் பண்ணை ஏலத்தில், யாரும் விலை கேட்காத ஒரு பெட்டியை அவள் தலையில் கட்டினேன். உள்ளே பழைய பெர்கலேட்டர்கள் கிடந்தன, அடுப்பில் வைத்துக் காப்பி கொதிக்கவிடும் அந்த உயரமான பாத்திரங்கள். அதன் மூடியின் உச்சியில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். உள்ளே காப்பி துள்ளி வந்து நிறம் மாறுவதை அதில்தான் பார்ப்போம். முதலில் உடைவதும் அதுதான். லவோன் பாத்திரங்களை இணையச் சந்தையில் போட்டாள். யாரும் வாங்கவில்லை. குமிழ்களை மட்டும் கழற்றிப் போட்டாள், அள்ளிக்கொண்டு போனார்கள். பாத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, குமிழ்தான் இல்லை. அதற்குப் பிறகு என் ஏலத்தில் குமிழ் கிடக்கிற பெட்டி எது வந்தாலும் அவள்தான் வாங்கினாள். அதை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சல்தான்.

அந்த நாட்களில் இணையச் சந்தை வரி விஷயத்தில் தலையிடாது. விற்கிறவர் பாடு. வெளி மாநிலத்துக்குப் போகிற பொட்டலங்களால் அவளைப் போன்ற சின்ன ஆளுக்குத் தலைவலி இல்லை. ஆனால் நெப்ராஸ்காவுக்குள்ளேயே ஒருவர் வாங்கினால் அவளே உரிமம் எடுத்து, வரி பிடித்து லிங்கனுக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு என்பது பொட்டலம் போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்தது. மாநில வரி எல்லாருக்கும் ஒன்று. வாங்குகிறவர் ஊர் எல்லைக்குள் இருந்தால் அதற்கு மேல் ஊர் வரியும் சேரும், எல்லைக்கு வெளியே பண்ணையில் இருந்தால் சேராது. முகவரியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிற பண்ணைக்கும் ஊர்ப் பெயரில்தான் தபால் போகும். மற்ற விற்பனையாளர்கள் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டுப் போனார்கள். லவோன் ஒவ்வொருவரையும் கேட்டாள். சந்தையின் செய்திப் பெட்டி வழியாக, நீங்கள் ஊர் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று மரியாதையாக எழுதுவாள். பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒருத்தி, உனக்கு எதற்கு என் வீட்டு வேவு என்று எழுதினாள்.

மாநிலத்தின் மேற்கு மூலையிலிருந்து ஒருவர் போட்ட பதிலை மட்டும் லவோன் என் அலுவலகத்துக்கே எடுத்து வந்து படித்துக் காட்டினாள்.

"மேடம், நீங்க சொல்ற எல்லை என் வீட்ல இருந்து இருபது மைலுக்கு மேல. இங்க எல்லைன்னு ஏதாவது இருந்தா அது என் வேலிதான். அதையும் மாடுங்க மதிக்கிறதில்ல."

பெயர் ஹோலிஸ் டூமா. மாடு வளர்ப்பவர். லவோன் சிரித்தாள். பள்ளிச் சமையல்கட்டு மூடியதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆறேழு வாரம் கழித்து அவரே இன்னொரு குமிழ் கேட்டார். லவோன் திரும்பவும் அதே கேள்வியை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு அதுக்குள்ள எல்லைக்குள்ள குடி வந்திருப்பானா?" என்று கேட்டேன்.

"வந்திருக்கலாம். விற்பனைக்கு விற்பனை கேக்கணும், டெல்மர்."

"அப்படி எந்தச் சட்டத்துல இருக்கு?"

"கவனமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க."

பதில் வந்தது. இன்னும் வெளியேதான் இருக்கிறாராம். நேற்று விழுந்த பனியில் வீட்டை விட்டு வெளியே போக முடியவில்லையாம், ஆனால் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறாராம். அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர் குமிழ் கேட்பார், இவள் எல்லை கேட்பாள், அவர் ஏதாவது சொல்வார். மனைவி இறந்து பல வருஷம் ஆயிற்று. ஒரு கிழட்டு நாய் இருக்கிறது, அதற்குக் காது கேட்காது என்பதால் வாக்குவாதத்தில் அதுதான் ஜெயிக்கிறது. மாடுகளுக்குத் தண்ணீர் இறைக்கிற காற்றாடி இறைப்பான் நின்றால் ஊருக்குப் போய்ப் பாகம் வாங்கி வர ஒரு நாள் போய்விடும். இவளும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள்: பள்ளிக்கூடம் மூடியது, ஆற்றில் தண்ணீர் ஏறியது, நான் ஏலத்தில் ஒரு பியானோவை இரண்டு தரம் விற்ற கதை. இரண்டு தரமும் நல்ல விலைக்கு விற்றேன் என்பதையும் அவள் எழுதியிருக்கலாம்.

பெர்னீஸ் சும்மா இருப்பாளா? "அந்த மனுஷன் காப்பி குடிக்கிறானா, கண்ணாடி திங்கிறானா? ஒரு வீட்டுக்கு எத்தனை குமிழ்?" என்று கேட்டாள். லவோன் காது சிவக்க, கீழே குனிந்து பொட்டலத்துக்கு நாடா ஒட்டினாள்.

எங்கள் மாநிலத்தின் மேற்குப் பக்கம் கடிகாரத்தில் எங்களைவிட ஒரு மணி பின்னால் ஓடும். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது லவோன் சுவரைப் பார்த்து, அங்கே இப்போதுதான் பதினொன்று என்பாள். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் மாட்டு விலை பேசிக்கொண்டிருப்பேன், நடுவில் வந்து விழும்.

இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, கோடை முடியும் நேரத்தில், அவர் இப்படி எழுதினார்: "கன்னுங்கள லாரியில ஏத்தி அனுப்பிட்டு அந்தப் பக்கம் ஒரு நடை வர்றேன். உங்க மேசைக்கு எதிர்ல நின்னு கையில வாங்கிக்கிறேன். உங்க ஊர் வரியையும் சேத்துப் போடுங்க. இத்தனை நாள் தப்பிச்சதுக்கு ஒரு தடவையாவது கட்டணும்ல."

அதைப் படித்துவிட்டு லவோன் மேசையைச் சுவர் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துப் போட்டாள். ஏலத்தில் ஒரு நல்ல ஓக் நாற்காலியை என்னோடு போட்டி போட்டு வாங்கினாள். எங்கள் ஊர்க் கணக்கில் விற்பனை வரி போட்டுப் பார்த்துவிட்டு, சரியா என்று என்னிடம் கேட்டாள். சரிதான் என்றேன்.

அந்த அக்டோபரில் அவர் பக்கத்தில் புல்வெளி பற்றி எரிந்து வேலி போயிற்று. அவர் வரவில்லை. அடுத்த அக்டோபரில் பனி முந்திக்கொண்டது. வர முடியவில்லை, மன்னிக்கணும் என்று எழுதினார், கூடவே இரண்டு குமிழ்களுக்குச் சொன்னார்.

அதற்கு அடுத்த ஏப்ரலில்தான் சட்டம் மாறியது. இனிமேல் எங்கள் மாநிலத்து விற்பனைக்கும் வரியை இணையச் சந்தையே பிடித்து மாநிலத்துக்குக் கட்டிவிடும், விற்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். எங்கள் ஊரில் சின்னதாக விற்றுக்கொண்டிருந்த பெண்கள் சர்ச் சமையலறையில் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். எல்லாரும் உரிமத்தை மூட எழுதிப் போட்டார்கள். லவோன் கேக்கைச் சாப்பிட்டாள், எழுதிப் போடவில்லை.

அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. சந்தை வழியாக விற்பதற்குத்தான் சந்தை வரி கட்டும். ஒருவர் நேரில் வந்து கையில் வாங்கினால் அது அவளுடைய சொந்த விற்பனை. அதற்கு வரி பிடிக்க வேண்டியவள் அவள். பிடிக்க உரிமம் வேண்டும். உரிமம் இருந்தால், விற்றாலும் விற்காவிட்டாலும் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்றும் விற்கவில்லை என்றால் பூஜ்யம் என்று எழுதி அனுப்ப வேண்டும். நான் அவளுக்கு எடுத்துச் சொன்னேன், ஒரு கண்ணாடிக் குமிழைக் கையில் விற்றதற்காக யாரும் அவளை ஜெயிலில் போட மாட்டார்கள் என்று.

"அவரு வரியும் சேத்துக் கட்டுறேன்னாரு," என்றாள். "வாங்கிக்க எனக்கு வழி இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

இதோடு ஒன்று போய்விட்டது. அது நடந்தபோது நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அவளுடைய கேள்வி. எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதைச் சந்தை தானே கண்டுபிடித்து வரியைத் திரையில் போட்டுவிட்டது. அவள் கேட்க வேண்டிய காரணம் இல்லை. காரணம் இல்லாமல் ஒரு ஆணுக்கு எழுதுகிற பெண் இல்லை லவோன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே அப்படித்தான். ஆண்களும் கேட்காததற்குப் பதில் சொல்ல மாட்டார்கள். ஹோலிஸ் டூமாவின் பெயரில் குமிழ் கேட்டு வந்தது, வார்த்தை வரவில்லை. இவள் அனுப்பினாள், வார்த்தை வைக்கவில்லை. அப்புறம் இடைவெளி கூடியது. ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றும் வரவில்லை.

பெர்னீஸ் போனில் கூப்பிடச் சொன்னாள். தொலைபேசிப் புத்தகத்தில் இல்லாத பெயரா?

"அவரு வர்றேன்னு சொன்னாரு," என்றாள் லவோன். "நான் கூப்பிட்டு அப்புறம் வந்தா, கூப்பிட்டதால வந்த மாதிரி ஆயிடும்."

"வந்தா போதாதா?"

"எனக்குப் போதாது, பெர்னீஸ்."

டெரல் போனபோது கோட்டை மாட்டி வைத்திருந்தவள் இவள் என்பது பெர்னீஸுக்கு நினைவு வந்திருக்கும். போன் பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூஜ்யம் போனது. பின்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, சந்தையில் விற்றதை ஒரு கட்டத்தில் போட்டு, அதை அப்படியே கழித்து, கீழே வரும் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதை நான் கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். வியாபாரம் குறைவில்லை, குமிழ்கள் நாடு முழுக்கப் போய்க்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவள் எதிர்பார்த்த ஒரு விற்பனை அந்தக் கணக்கில் இல்லை. அது இல்லை என்பதை அவளே தன் கையால் எழுதி, சரி என்று கையெழுத்தும் போட வேண்டும். ஒரு வசந்த காலத்தில் அவளால் அது முடியவில்லை. எழுதவில்லை. மறந்துவிட்டாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள்.

அடுத்த முறையும் எழுதவில்லை. லிங்கனிலிருந்து கடிதம் வந்தது. கணக்கு வரவில்லை, வியாபாரம் நின்றுவிட்டதென்று எடுத்துக்கொண்டு உரிமத்தை ரத்து செய்யப்போகிறோம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம். முறையான கடிதம்தான். ரத்து ஆனால் அவளுக்கு நல்லதுதான் என்றும் நான் நினைத்தேன். ஆனால் லவோன் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கையெழுத்துப் போடாமல் விட்டது அவள்தான். இப்போது அதுவாகவே மூடிக்கொள்ளும் என்றதும் அவளால் தாங்க முடியவில்லை.

எனக்கு லிங்கனில் லாரிக்கு அச்சு வாங்கும் வேலை இருந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான் அரசாங்க ஆட்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் வழியாகச் சோளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வரித் துறை மேசையில் தாடி வைத்த ஒருவர் இருந்தார். பெயர் நோலன். நல்ல மாதிரி. தன் கணினியில் அவள் கணக்கைப் பார்த்துவிட்டு, விடுபட்ட இரண்டு கணக்கையும் இப்போதே கொடுத்துவிட்டால் உரிமம் இருக்கும் என்றார். கொடுத்தாள். அப்புறம் அவர் புரியாமல் கேட்டார்.

"மேடம், சந்தை விற்பனைக்கு சந்தையே கட்டிடுது. உங்க சொந்த விற்பனை ஒண்ணுமே காணோமே."

"இன்னும் இல்ல."

"இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"ஒரு வாடிக்கையாளர் வர வேண்டியிருக்கு."

நான் வாயைத் திறந்தேன். லவோன் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள், மூடிக்கொண்டேன்.

"இங்க வர்றவங்க எல்லாம் மூடித் தாங்கன்னுதான் கேப்பாங்க," என்றார் நோலன். "நீங்க தொறந்து வைக்கச் சொல்றீங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, இவ்வளவு சின்னக் கணக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவையே இல்லை, வருஷத்துக்கு ஒரு முறை என்று மாற்றித் தருகிறேன் என்றார். தொல்லை குறையும்.

"வேண்டாம், தம்பி. மூணு மாசத்துக்கு ஒரு தடவையே கேளுங்க."

"ஏன்?"

"வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டா, வருஷம் முழுக்கக் காத்துக்கிட்டு இருப்பேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கேட்டா ஏதாவது செய்யத் தோணும்."

இதை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியில் யோசித்துக்கொண்டு வந்ததாக இருக்க வேண்டும். அந்த மனிதர் சரி என்று எழுதிக்கொண்டார். எழுந்திருக்கும்போது லவோன் ஒன்று கேட்டாள். என் மேசையில் இல்லாமல், நானே கொண்டுபோய் ஒருவர் வீட்டில் கொடுத்தால் அதுவும் என் விற்பனைதானா?

அவர் ஆமாம் என்றார். எந்த இடத்தில் கொடுக்கிறீர்களோ அந்த இடத்து வரி.

திரும்பி வரும்போது யார்க் என்கிற ஊர்ப் பக்கத்தில் 'பை' என்கிற பழ அப்பம் சாப்பிட நிறுத்தினோம். எனக்கு ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டு வைத்தது, அவளுக்கு ஒன்றும் வேண்டாம். சாப்பிட்டு முடிக்கும்போதுதான் கேட்டாள், அவளுடைய பிக்கப்பின் டயர்கள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று. நான் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். மாநிலம் முழுக்க என்றாள். முன் டயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். நல்ல டயர், என்னிடம் இருந்ததிலேயே நல்லது.

மேற்கே என்ன நடந்தது என்பதை அவள் வந்து பெர்னீஸிடம் சொல்லி, பெர்னீஸ் எனக்குச் சொன்னது. கொஞ்சம் லவோனும் சொன்னாள்.

கடைசித் தார்ச் சாலை முடிந்து, மண் பாதையில் கேட்டுக்கு மேல் கேட்டாகத் திறந்து மூடிக்கொண்டு போயிருக்கிறாள். கிழட்டு நாய் படுத்திருந்தது, குரைக்கவில்லை, அவள் வந்தது அதற்குத் தெரியாது. இறைப்பான் அடியில் கையெல்லாம் கிரீஸாக ஒரு உயரமான மனிதர் நின்றிருந்தார். வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கேட்டார். லவோன் வண்டியை விட்டு இறங்கி, நீங்கள் இன்னும் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றாள்.

அந்த மனிதர் கையைத் துடைக்கத் துணி தேடினாராம். கையிலேயே இருந்த துணியைத் தேடினாராம்.

உள்ளே போய்க் காப்பி வைத்தார். லவோன் சுற்றிப் பார்த்தாள். ஒரே ஒரு பெர்கலேட்டர், அதில் ஒரே ஒரு குமிழ். மற்ற குமிழ்கள் எங்கே என்று அவள் கேட்கவில்லை, அவரே சொன்னார். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஒரு வீடு விடாமல் புதுக் குமிழ் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். ஹோலிஸ் வண்டி வாசலில் நின்றால், மறுபடியும் குமிழா என்று கேட்கிற அளவுக்கு. உடையாத குமிழைக் கழற்றிவிட்டுப் புதிது போட்ட வீடுகளும் உண்டாம்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று அப்போது கேட்டாள். இது முழுவதையும் லவோன் என்னிடம் அப்படியே சொன்னாள்.

"நீங்க கேக்குறத நிறுத்திட்டீங்க," என்றாராம். "வரிக்காகத்தான் கேட்டீங்க போலன்னு நெனச்சிக்கிட்டேன். சட்டம் மாறிடுச்சு, இனிமே இந்த அம்மாவுக்கு நம்மளால தொந்தரவு வேணாம்னு."

"நீங்க வர்றேன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். நீங்க இன்னும் எதிர்பாக்குறீங்கன்னு எப்படித் தெரியும்?"

"நான் உரிமத்த மூடல," என்றாளாம் லவோன். அது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று பிறகுதான் அவளுக்கே உறைத்திருக்கிறது. இரண்டு பேரும் வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குமிழில் காப்பி கறுத்துப் போகும் வரைக்கும் யாரும் அடுப்பை அணைக்கவில்லையாம். குடிக்க முடியாத கசப்பு. குடித்தார்களாம்.

அவள் பையில் ஒரு குமிழ் கொண்டு போயிருந்தாள், அந்த விற்பனையைச் செய்துவிடுவது என்று. அவர் பணத்தை எடுத்து மேசையில் வைத்தார். லவோனால் அதைத் தொட முடியவில்லை. இத்தனை வருஷம் எதற்காக உரிமத்தைத் திறந்து வைத்திருந்தாளோ அது எதிரே இருக்கிறது, கை போகவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், சும்மா கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவள் நேரே என் அலுவலகத்துக்குத்தான் வந்தாள், வீட்டுக்குக்கூடப் போகாமல். அவள் முகத்தில் இருந்ததை இன்னதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கேட்டது இதுதான்: விற்காமல் சும்மா கொடுத்துவிட்டேன், இந்த மூன்று மாதத்துக்கும் பூஜ்யம்தானா?

இங்கேதான் நான் வேண்டும். படித்தவனோ படிக்காதவனோ, என் தொழிலில் இதைத் தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது. பூஜ்யம் இல்லை என்றேன். அந்தக் குமிழ் இருந்த பெட்டியை என் ஏலத்தில் வாங்கும்போது, மறுபடி விற்பதற்கு என்று எழுதிக் கொடுத்து வரி இல்லாமல் வாங்கினாய். விற்காமல் பரிசாகக் கொடுத்துவிட்டால், அந்தப் பொருளைப் பயன்படுத்தினவள் நீ. அன்றைக்கு நீ கொடுத்த விலைக்கு உரிய வரியை நீயே உன் கையிலிருந்து கட்ட வேண்டும். அதே படிவத்தில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது.

"எவ்வளவு?"

பெட்டியில் எத்தனை குமிழ் இருந்தது என்று பார்த்து வகுத்தோம். சில்லறைகூட இல்லை, ஒரு காசுக்கும் கீழே. ஒரு காசு என்று போடு என்றேன். அரசாங்கத்துக்கு நஷ்டம் வேண்டாம்.

லவோன் பின்னறைக்குப் போய் அப்போதே உட்கார்ந்து அதை எழுதினாள். அடுத்த கணக்குக்கு இன்னும் நாள் இருந்தது. எழுதி வைத்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு காசு. அந்த அறையில் அவள் பாட்டு முணுமுணுத்தாள், பள்ளிச் சமையலறையில் மாவு பிசையும்போது முணுமுணுப்பது போல. நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிடுகிறார். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், ஒரு மணி நேரம் முன்னதாகவே பேசத் தயாராகிவிடுவாள், அவருடைய மணி இன்னும் வரவில்லை என்று தெரிந்தும். அவரால் மாடுகளை விட்டு அடிக்கடி வர முடியாது. அவளால் தொழிலை விட்டுப் போக முடியாது. மாநிலத்தின் இரண்டு முனையில் இரண்டு பேரும் அவரவர் அடுப்பில் காப்பி வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இதற்கு மேல் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை என்பது என் கருத்து. பெர்னீஸ், எல்லாம் தெரியும், உனக்குத்தான் அவசரம் என்கிறாள்.

இதை எழுதுகிற இந்த வாரம் மேற்கே கன்றுகளை லாரியில் ஏற்றுகிறார்கள், அன்றைக்கு அவர் வருகிறேன் என்று சொன்ன அதே பருவம். எங்கள் மாநிலத்தில் வண்டியின் நம்பர் பலகையைப் பார்த்தாலே எந்தக் கவுண்டி என்று தெரியும். அவர் கவுண்டிக்கு எண்பது. ஊரில் எல்லாருக்கும் இந்த விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. பெட்ரோல் நிலையத்தில் நிற்கிறவன்கூட என்னைப் பார்த்தால், எண்பது இன்னும் வரலையா என்கிறான். லவோன் காதில் விழுகிற மாதிரி யாரும் சொல்வதில்லை.

நேற்று மத்தியானம் அவள் என்னிடம் வந்து, ஏலக்கூடத்துக்கு முன்னால் என் லாரிகள் இரண்டும் மறைத்துக்கொண்டு நிற்கின்றன, முதல் முறையாக வருகிறவர்களுக்குப் பக்கவாட்டில் இருக்கிற பின்னறைக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியாது என்றாள். இத்தனை வருஷமாக அந்த லாரிகள் அங்கேதான் நிற்கின்றன, என் பெயர் பெரிய எழுத்தில் சாலையைப் பார்த்து இருப்பதற்காகவே அங்கே நிறுத்தினேன். சாவியை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் ஏலக்கூடத்துக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன்.